டைமனின் வாய்க்கு ஏற்ற கம்பி

சன்னாசியின் கன்னத்தில் விழுந்த அறை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அறைந்தவன் மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களை மேற்பார்க்க வந்திருந்த ஜப்பான் அதிகாரி. அவனுடைய உதடு கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கோலா சாவா சாலையில் குதிரை தலையைத் தூக்கி வீசியபோது அதன் பிடரி அவன் வாயில் இடித்திருந்தது.

அதிகாரி அரைகுறை மலாயில் கத்தினான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி அதைத் தமிழில் சொன்னார். நடுவில் எது விடுபட்டது, எது கூடியது என்பது யாருக்கும் தெரியாது.

"குதிரை வாயில கெடக்கிற இரும்ப மென்னுக்கிட்டே இருக்காம். மென்னு மென்னு தலைய ஆட்டுதாம். அடுத்த தடவ அவரு வர்றப்ப அது மெல்லக் கூடாதாம். மென்னா சுட்டு, பட்டாளத்துக்குக் கறி ஆக்கிடுவாங்களாம்."

"நானுங்க, ஐயா?" என்றார் சன்னாசி.

"குதிரை இல்லன்னா குதிரைக்காரன் எதுக்குலா? சயாம் லோரியில ஏத்திடுவாங்க."

சொல்லிவிட்டுக் கிராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச காலத்து வேலை, வயிறு நிறைய அரிசிச் சோறு என்று கேட்டு முதலில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. லோரி வந்து ஏற்றிக்கொண்டது. ரப்பரை வாங்க ஆளில்லாததால் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் பால் வெட்டு பாதியாகக் குறைந்திருந்தது. வெட்டில்லாத ஆண்கள்தான் முதலில் போனார்கள். அதிகாரிக்கு நேரடியாக வேலை செய்கிறவர்களை மட்டும் லோரி தொடவில்லை. சமையல்காரர் ஒருவர், தண்ணீர் சுமப்பவர் ஒருவர், குதிரைக்காரர் ஒருவர்.

சயாமை நினைத்து மட்டும் சன்னாசி பயந்தார் என்று சொல்ல முடியாது. அவர் பயம் வீட்டில் இருந்தது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு என்று ஆன பிறகு மனைவி மயிலம்மாளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து வெகுநேரம் அப்படியே கிடக்கும். குழாயடி வரைக்கும்கூட அவளால் நடக்க முடியவில்லை. பிள்ளைகள் இல்லை. கிழங்கு தோண்டவும் தண்ணீர் எடுக்கவும் அவரை விட்டால் ஆளில்லை. அவர் போனால் அவள் என்ன ஆவாள் என்பதை இருவருமே வாய் திறந்து பேசிக்கொண்டதில்லை.

சன்னாசியை யாரும் கெட்டிக்காரர் என்று சொன்னதில்லை. இளைஞராக இருந்தபோது அவரைப் பால் வெட்டில்தான் போட்டார்கள். பட்டையோடு மரத்தையும் சேர்த்துக் காயப்படுத்துகிறார் என்று கங்காணி புகார் செய்ய, தண்டனையாக வெள்ளைக்காரத் துரையின் லாயத்துக்கு மாற்றப்பட்டார். குதிரையைப் பற்றி அவர் கற்றதெல்லாம் உதை வாங்கிக் கற்றது; அதிலும் பாதி தப்பு. குதிரை தும்மினால் மழை வரும் என்று உறுதியாக நம்பினார். நெகிரி செம்பிலானில் எப்படியும் மழை வந்துகொண்டிருந்ததால் அந்த நம்பிக்கைக்குக் குறை வரவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அவர் அவசரப்படுகிறவர் அல்ல. துரை டைமன் என்று பெயரிட்டிருந்த அந்தச் செந்நிறக் குதிரை, வேறு யார் கடிவாளத்தோடு வந்தாலும் பல்லை இறுக்கிக்கொண்டு பின்வாங்கும். சன்னாசி வந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறக்கும். அந்த யோசனை முடியும்வரை நிற்க அவருக்குப் பொறுமை இருந்தது.

துரை காரில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடியபோது குதிரையை விட்டுவிட்டுப் போனார். பங்களாவை ஜனங்கள் வழித்தெடுத்துவிட்டார்கள். லாயத்தில் தொங்கிய கடிவாளமும் அதில் போனது. நல்ல கடிவாளம் அது. வாய்க்குள் போகும் கம்பியைச் சுற்றி மிருதுவான தோல் தைத்திருக்கும். இப்போது அதிகாரி கொண்டுவந்திருந்தது பட்டாளத்துக் கடிவாளம். கம்பி மெலிதாக, நடுவில் மூட்டு வைத்து, கத்திரிக்கோல் போல மடங்குவது. அதைப் போட்ட முதல் நாளே டைமன் மெல்லத் தொடங்கியது. நறநறவென்று சத்தம் வெளியே கேட்கும். நுரையில் சிவப்புக் கலந்து வந்தது.

சன்னாசி முதலில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நல்லசாமியிடம் போனார். நல்லசாமியின் இடுப்பில் இருந்தது பழைய கடிவாளத்தின் வார்தான் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும்.

"அண்ணே, அந்தக் கம்பியில சுத்தின தோலு ஒங்ககிட்ட இருக்கா?"

"எந்தக் கம்பி?"

"ஒங்க பெல்ட்டோட கூடப் பொறந்த கம்பிண்ணே."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லசாமிக்கும் சிரிப்பு வந்தது. "அத நாயி தின்னுருச்சுடா. இரும்ப ஆத்துல போட்டேன், வெள்ளைக்காரன் சாமான் வச்சிருந்தா ஜப்பான்காரன் தலைய எடுப்பான்னு. வேணும்னா என் பெல்ட்ட அறுத்துக்க. பெரட்டுல நான் கைலிய ஒரு கையால புடிச்சிக்கிட்டு நிக்கறேன்."

அந்த வார் காய்ந்து முறுகிப் போயிருந்தது. குதிரை வாய்க்கு அது இரும்பைவிட மோசம்.

குதிரை ஏன் மெல்லுகிறது என்பது சன்னாசிக்குத் தெரியாது, கடைசிவரை தெரியவில்லை. அது வலியாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். பேசாத ஒன்றின் வேதனையை மனிதன் தன் வேதனையின் அச்சில்தான் ஊற்றிப் பார்க்கிறான். ஒருமுறை கடைவாய்ப் பல் குத்தியபோது துணியைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு படுத்தது அவர் நினைவுக்கு வந்தது. எனவே கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினார். டைமன் அதைக் கிழித்துப் பாதியை விழுங்கிவிட்டது. மறுநாள் லத்தியோடு துணி வெளியே வரும்வரை அவர் அதன் பின்னாலேயே அலைந்தார்.

அடுத்து தேங்காய் நாரைத் திரித்துச் சுற்றினார். மெல்லுவது குறைந்தது, ஆனால் கடைவாய் இரண்டும் உரசிப் புண்ணாகின. இரும்பே வேண்டாம் என்று கொய்யாக் கிளையைச் செதுக்கி இழைத்து மாட்டினார். வெயில் ஏறுவதற்குள் அது இரண்டாக ஒடிந்து தரையில் கிடந்தது. குதிரை அவரைப் பார்த்தபடி மீதியை மென்றுகொண்டிருந்தது.

குழாயடியில் பெண்கள் விடவில்லை. "என்னா மாமா, மருமவனுக்குத் தெனம் ஒரு பலகாரமா? நாளைக்கு என்ன, முறுக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பஞ்சாலை கேட்டாள்.

"முறுக்கு இருந்தா மொதல்ல நான் திம்பேன்" என்றார் சன்னாசி.

அந்த யோசனையைச் சொன்னவள் மயிலம்மாள். அவள் நல்ல வெட்டுக்காரி. கால் வீங்குவதற்கு முன்பு வேலை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, விரல்களில் காய்ந்து ஒட்டிய பாலைத் தோல்போல உரித்து எடுப்பாள். விரல் வடிவத்திலேயே கழன்று வரும்.

"பால்ல முக்குங்களேன்" என்றாள். "வெரலுக்கு ஒற போட்ட மாதிரி நிக்குமில்ல? மெத்துனு இருக்கும். மென்னாலும் பல்லுக்கு நோவாது."

அவர் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த, காய்ந்து உறைந்த ஒட்டுப்பாலை எடுத்துச் சுற்றிக்கொண்டு போனார். அதன் நாற்றத்துக்கு டைமன் மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. "நான் சொன்னது பச்சப் பாலு" என்றாள் மயிலம்மாள். "ஆசிட்டு படாத பாலு. ஒருக்கா முக்கி வெயில்ல காய வைங்க. காஞ்சதும் திரும்ப முக்குங்க. பணியாரம் சுடற மாதிரி அவசரப்படக் கூடாது."

வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் அவரே பால் வெட்டினார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பால் எடுக்கச் சொன்னா மரத்துக்கு ரெத்தம் எடுக்கறீங்களே. உளியச் சாச்சுப் புடிங்க. கங்காணி ஒங்கள வெரட்டுனது நியாயந்தான்."

"வெரட்டுனதாலதான் இன்னிக்கு இங்க நிக்கறேன்."

"நிக்கறீங்கள்ல, அது போதும்" என்றாள்.

துணிக் கொடியில் கம்பியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். முக்குவதும் காய வைப்பதுமாக அது மெல்ல மெல்லப் பருத்து, கட்டைவிரல் தடிமனுக்கு வந்தது. நடுவில் இருந்த மூட்டு ரப்பருக்குள் புதைந்து மடங்காமல் நின்றது. வெயிலில் வெல்லப்பாகு நிறத்தில் பளபளத்தது. வாயில் வைத்ததும் டைமன் நாக்கால் அதைத் தள்ளிப் பார்த்தது. பிறகு, வெற்றிலை போட்டுக்கொண்ட ஆள்போல, சத்தமில்லாமல் தாடையை அசைத்தது. தலையை ஆட்டவில்லை. ரப்பர் தேய்ந்தபோது மறுபடி முக்கினார். புண்கள் உலர்ந்தன. நுரை வெள்ளையானது.

அதிகாரி வந்தான். கோலா சாவா வரை போய்த் திரும்பினான். இறங்கியதும் குதிரையின் வாயைத் திறந்து கம்பியை இழுத்துப் பார்த்து, அதை விரலால் அமுக்கிச் சிரித்தான். "பகுஸ், பகுஸ்" என்று மலாயில் பாராட்டி, சன்னாசியின் தோளில் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தான். அறைந்ததும் தட்டியதும் ஒரே கைதான். சன்னாசிக்கு அந்த நேரம் அது தோன்றவில்லை. சிகரெட்டை நல்லசாமிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடி, "லோரி இல்ல, மயிலு" என்றார். அன்று அவள் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் அரைத்தாள்.

அதற்கடுத்த முறை அதிகாரியோடு அவனுடைய எடுபிடிச் சிப்பாய் ஒருவனும் வந்தான். இள வயது, கிராமத்தில் குதிரை பார்த்தவனாக இருக்க வேண்டும். அதிகாரி ஏதோ சொல்ல, அவன் கடிவாளத்தை எடுத்துக்கொண்டு டைமனிடம் போனான். சன்னாசி முன்னே நகர்ந்தார். குதிரை பல்லை இறுக்கும், பின்வாங்கும், அவரைக் கூப்பிடுவார்கள் என்று காத்து நின்றார். டைமன் வாயைத் திறந்தது. யோசிக்கக்கூட இல்லை. சிப்பாய் ஏறி உட்கார்ந்தான், களத்தைச் சுற்றினான், இறங்கினான். சன்னாசியின் கைகள் சும்மா தொங்கின.

வீட்டில் அதைச் சொன்னபோது மயிலம்மாள் கிழங்கு உரிப்பதை நிறுத்தினாள்.

"எவன் வந்தாலும் வாயத் தொறக்குதா?"

"தொறக்குது."

"ஒங்களத் தேடலையா?"

"தேடல."

அவள் கிழங்கைக் கீழே வைத்தாள். பிறகு, "நாந்தான் பால்ல முக்கச் சொன்னேன்" என்றாள்.

"நீ சொல்லலன்னா அன்னிக்கே லோரி."

"இப்ப மட்டும்? அந்தச் சிப்பாயி போதும்னுட்டா? ரப்பர உரிச்சிடுங்க. பழையபடி மெல்லட்டும். ஒங்க கைக்கு மட்டும் அடங்கட்டும்."

"அதுக்கு வலிக்கும், மயிலு."

"எனக்கு வலிக்காதா?"

மறுநாள் காலையில் அவர் கத்தியால் ரப்பரைச் சீவி எடுத்தார். உள்ளே இருந்த இரும்பு கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. டைமன் வழக்கம்போல வாயைத் திறந்து அதை வாங்கிக்கொண்டது. அவர் காத்திருந்தார். நறநறவென்ற சத்தம் வரவில்லை. தாடை லேசாக அசைந்து நின்றது. களத்துக்கு நடத்திப் போய் லகானைச் சுண்டினார். குதிரை திரும்பியது. தன் வாழ்நாளில் இழுத்திராத அளவுக்கு இழுத்தார். தலையைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பக்கம் நடந்ததே தவிர, ஆட்டவில்லை. புண் ஆறிவிட்டது. கடிவாளம் என்றால் வலி என்பதை அது மறந்துவிட்டது. கற்றுக்கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க வழி இருக்கிறதா என்று சன்னாசிக்குத் தெரியவில்லை. பல நாள் இழுத்துப் புண்ணாக்கினால் ஒருவேளை முடிந்திருக்கும். அதற்குள் அதிகாரி வந்துவிடுவான்; வந்து பார்த்தால் யாருடைய தப்பு என்று கேட்பான். எந்தப் பக்கம் அடி வைத்தாலும் அங்கே லோரி நின்றது. அவர் கம்பியைக் கழற்றி எடுத்துப்போய் மறுபடியும் பாலில் முக்கினார்.

அதிகாரிக்குச் சிரம்பானுக்கு மாற்றல் வந்தது. குதிரையை ரஹாங் பக்கம் எங்கேயோ கட்டப்போவதாகக் கிராணி சொன்னார்.

"ஐயா, நானும் கூடப் போறேன்னு சொல்லுங்க. பொஞ்சாதியையும் கூட்டிக்கறேன். லாயத்துலயே கெடப்போம்."

"சொன்னேன்யா. தன் ஆளு போதும்னுட்டான்."

"இன்னொருக்கா சொல்லிப் பாருங்க, ஐயா."

"இன்னொருக்கா சொன்னா எனக்கு விழும்" என்றார் கணேசமூர்த்தி. அவர் பொல்லாதவர் அல்ல. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வருடங்களில் ஒரு மனிதனின் நல்ல குணம் எத்தனை தூரம் போகும் என்பதை அவன் கன்னத்தின் பொறுமைதான் அளந்தது. போகும்போது திரும்பி, "குதிரைய நல்லாப் பழக்கியிருக்கேன்னு சொல்லச் சொன்னான். அந்த மாதிரிக் கம்பி இன்னும் ரெண்டு வேணுமாம், போறதுக்குள்ள" என்றார்.

சன்னாசி இரண்டையும் செய்தார். சிப்பாய் கொண்டுவந்து கொடுத்த கம்பிகளை, மூட்டு மறையும்வரை, நாள் முழுக்க வெயில் பார்த்துப் பார்த்து முக்கினார். ஒன்றின் உள்ளே இரும்பு முனை துருத்தும்படி விட்டிருக்கலாம். கழுத்தை ஆட்டும் குதிரைக்குப் பழைய ஆளைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார்கள். மயிலம்மாள் அதைச் சொல்லவும் செய்தாள். அவர் செய்யவில்லை. நேர்மை என்று சொல்லி அவரைப் புகழ்ந்துவிட்டுப் போகலாம். அவருக்குக் கெட்ட கம்பி செய்ய வரவில்லை என்பதே உண்மைக்கு அருகில் இருக்கும். கை ஒன்றைப் பழகிவிட்டால் வயிறு சொன்னாலும் அது கேட்பதில்லை.

சிப்பாய் டைமனில் ஏறிச் சாலையில் இறங்கினான். குதிரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும் என்று சன்னாசியும் எதிர்பார்த்திருக்கவில்லை.

லோரி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பெரட்டில் நல்லசாமி ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு லோரிக்கு ஒதுக்கிக்கொண்டு வந்தார். சன்னாசியின் முன் வந்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றது.

"தொடுண்ணே" என்றார் சன்னாசி. "ஒனக்குப் பின்னால துப்பாக்கியோட நிக்கறான்."

"டேய், நான்…"

"தெரியும். மயிலுக்கு மட்டும் கெழங்கு தோண்டிக் குடுத்துடு. பின்னால இருக்கிற பாத்தி முத்திருச்சு. ஆத்தோரம் இருக்கிறது இன்னும் ஆகல."

நல்லசாமி தலையை ஆட்டினார். தோளைத் தொட்டார்.

மயிலம்மாளை இரண்டு பெண்கள் தாங்கிக் கூட்டிவந்தார்கள். லோரியின் பக்கப் பலகை உயரம். அவளுக்கு அவருடைய முகம் மட்டும்தான் தெரிந்தது. வாழையிலையில் கட்டிய வேகவைத்த கிழங்கை நீட்டினாள். கை எட்டவில்லை. பஞ்சாலை வாங்கி மேலே கொடுத்தாள்.

"சூடா இருக்கு, ஒடனே திங்காதீங்க" என்றாள் மயிலம்மாள்.

"நீ தின்னியா?"

"தின்னேன்."

தின்னவில்லை என்பது அவருக்குத் தெரியும். லோரி கிளம்பியது.

நல்லசாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அடுத்த ஆண்டு லோரி அவரையும் ஏற்றிக்கொண்டு போகும்வரை பாத்தியிலிருந்து கிழங்கு வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு பஞ்சாலை கொடுத்தாள். மயிலம்மாள் பிழைத்துக்கொண்டாள். வெள்ளைக்காரர்கள் திரும்பி, அரிசி வந்ததும் கால் வீக்கம் வற்றியது. மெலிந்த கால்களோடு ரஹாங்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். சன்னாசியை மண் சுமக்கும்போது பார்த்ததாக ஒருவர் சொன்னார். வாந்திபேதி வந்தவர்களின் குடிசையில் படுத்திருந்ததாக மற்றொருவர் சொன்னார். அது வேறு சன்னாசி என்றார் மூன்றாமவர். எந்த மாதம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அங்கே மாதங்கள் இருக்கவில்லை என்றார்கள். ஆற்றோரத்துக் காட்டில், மழையும் வேலையும் மட்டும் இருந்தனவாம்.

வருடத்துக்கு ஒருமுறை படையல் வைக்க வேண்டும் என்று தங்கை வற்புறுத்தினாள். மயிலம்மாள் கோயில் பண்டாரத்திடம் போனாள். பண்டாரம் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"செத்த நாளு என்னம்மா?"

"தெரியல, சாமி."

"நாளு இல்லாம திதி எப்படிம்மா பாக்கறது? உத்தேசமாச் சொல்லு."

அவள் யோசித்தாள். பிறகு லோரி கிளம்பிய நாளைச் சொன்னாள்.

"அன்னிக்கு உசுரோடதானே இருந்தாரு?"

"இருந்தாரு. கெழங்கு குடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. எனக்குத் தெரிஞ்சது அந்த நாளுதான், சாமி."

பண்டாரம் அந்த வருடத்துப் பழைய பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தார். பிறகு குனிந்து, விரலை வரிகளின் மேல் நகர்த்தி, அந்த நாளின் திதியைத் தேடத் தொடங்கினார்.